நாலாவது குளம்

பச்சைங்களா? அட, ஆமாங்க ஆமாங்க, பச்சைதானுங் அம்மிணி. நாந்தான் நீலச் சுடிதாருன்னுட்டேன். இந்தப் பஸ்சு ஜன்னலுக்குப் போட்டிருக்கறானுங்க பாருங்க ஒரு கண்ணாடி, இதுல பாத்தா எந்தக் கலருதான் நேரா தெரியும்? சிரிக்காதீங்க. இந்த அய்யாசாமி கலரைத் தப்பாச் சொல்லீட்டான்னு வெளிய தெரிஞ்சா என்ற பொளப்பு சிரிப்பாச் சிரிச்சுப் போயிரும்.

ஏன்னா, என்ற சோலியே அதுதானுங்களே. பெருமாநல்லூர்ல ஒரு சாயக் கம்பெனியில ஷேடு மாஸ்டருங்க நானு. வெளிநாட்டுல இருந்து துணி வாங்கற பையரு ஒரு கலரைக் காட்டி இது வேணும்பான். அதைய நாங்க துணியில கொண்டாரோணும். வந்துருச்சா வல்லியான்னு பாத்துச் சொல்றவன் நானு. நான் ஆமான்னா ஆமா, இல்லீன்னா இல்ல. முப்பத்தொரு வருசமா இந்த ரெண்டு கண்ணுக்குத்தான் சம்பளம். மத்த ஒடம்பெல்லாம் சும்மா கூட வந்துட்டுப் போயிட்டிருக்குது.

நீங்க போனுல பாத்துட்டிருந்தீங்களே, மலையும் குளமுமா, தண்ணி கலர் கலரா, அதைப் பாத்துத்தான் பேச்சுக் குடுத்தேன். அந்த மாதிரி எடத்துக்கு நான் போன மாசந்தான் நேர்ல போயிட்டு வந்தேன். நெசமாங்க. என்ற மூஞ்சியப் பாத்தாத் தெரியலீங்களா? யாருக்குந்தான் தெரியல. எங்க ஊட்டுக்காரியே பழனிக்குப் போயிட்டு வந்தவனாட்டத்தான் பாத்தா.

எப்படிப் போனேன்னா, எங்க பையர் அம்மா ஒருத்தங்க, வெள்ளக்காரம்மா, கொழந்தைங்க டீசர்ட்டு விக்கறவங்க. இந்த வருசம் அவங்களுக்கு இயற்கை மேல திடீர்னு பாசம் பொங்கிருச்சு. வேற நாட்டுல எங்கியோ மலை மேல அடுக்கடுக்கா ஏழு குளம் இருக்குதாம், ஒவ்வொண்ணும் ஒரு கலராம், அந்த ஏழு கலர்ல ஏழு டீசர்ட்டு. போட்டோவை அனுப்பி மாஸ்டர் இதைக் கொண்டாங்கன்னுட்டாங்க. மலையச் செய்யச் சொல்லாம விட்டாங்களே, அது வரைக்கும் புண்ணியம்.

கொண்டாந்தோமுங்க. ஏழையும் கொண்டாந்தோம். அந்தம்மா ஓகே பண்ணீட்டாங்க. ஓகே பண்ணின சாம்பிள் துணியெல்லாம் இந்தா இந்தப் பையிலதான் இருக்குது, அப்பறம் காட்டறேன்.

மெசினா? இருக்குதுங்க, கலர் பாக்கற மெசினு. வாங்கி ஆறு வருசமாச்சு. வந்த புதுசுல மொத்தமாச் சாயம் போட்டு எறக்குன ஒரு மெரூன் லாட்டை அது ஓகேன்னுச்சு. நானு இல்லீன்னேன், கடை லைட்டுல இது காவியாட்டம் தெரியும்னேன். மெசினு பேச்சக் கேட்டு அனுப்பி வெச்சாங்க. கப்பல்ல போன சரக்கு அதே கப்பல்ல திரும்பி வந்துச்சு. அன்னைக்கிருந்து எங்க முதலாளி சிவராஜ் அந்த மெசினு மேல துண்டைப் போத்தி வெச்சிட்டாரு. மத்தியானத்துல நாங்க அது மேலதான் டிபன் பாக்ஸ் வெக்கறது. நல்ல சமமா இருக்குமுங்க, கொழம்பு சிந்தாது.

அப்படி ஒரு கெத்தா இருந்தவன்கிட்ட வந்து ஒரு புள்ள எதுத்துப் பேசுனா எப்படி இருக்கும், சொல்லுங்க? நாகஜோதின்னு பேரு. தெக்கத்திப் பக்கம், புருசன் டெய்லரு, ரெண்டு கொழந்தைங்க. எங்க லேப்புல பதினோரு வருசமா என்றகூட இருந்துச்சு. டிப்ளமா படிச்ச மேதாவி. நான் சாயம் சொல்லுவேன், அது அளந்து போடும், எழுதி வெக்கும். எதுக்கெடுத்தாலும் அண்ணாச்சி, அண்ணாச்சின்னு மரியாதையாத்தான் இருந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு நாளு வந்து நிக்குது.

நாலாவது குளத்து நீலத்துக்கு, நானே நின்னு துணி முச்சூடும் சாயம் போட்டு எறக்கியிருந்தேன், நாப்பதாயிரம் பீசுக்கு. சாம்பிளையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு, அண்ணாச்சி, லாட்டு பச்ச அடிக்கே, இதுக்கு நான் எப்படி ஓகேன்னு எழுதன்னு கேக்குது. எல்லார் முன்னாடியும். நானு பாத்தேன். ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணுன்னா ஒண்ணேதான், அச்சு அசலு. எழுதுன்னேன். மாட்டேன்னுச்சு. நீ மாஸ்டரா நான் மாஸ்டரான்னேன். நீங்கதான் அண்ணாச்சி, ஆனா இது பச்சதான்னுச்சு. எகத்தாளத்தப் பாத்தீங்களா?

முதலாளி வந்தாரு. துணியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. லேசாப் பச்சை அடிக்கற மாதிரிதான் இருக்குதுங்களே மாஸ்டர்ன்னாரு. டியூப் லைட்டுல அப்படித்தானுங் சார் தெரியும்னேன். செரின்னுட்டாரு. அந்தப் புள்ளைய எங்கியோ கிடக்கற செக்கிங்குக்கு மாத்தறேன்னாரு. நானு, இல்லீங் சார், இந்த மாதிரி ஆளை வெச்சிருந்தா லேப்புல ஒழுங்கு இருக்காதுன்னேன். அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பீட்டாங்க. டிபன் பாக்ஸை மெசினு மேலயே மறந்து வெச்சிட்டுப் போயிருச்சு. அதைய எடுக்கக்கூட வல்ல. அவ்வளவு ரோசம்.

இல்லீங்க, பாவமென்னுங்க பாவம். வேலையின்னா வேலைங்க.

செரி, குளத்துக்கு வாரேன். ஏழு கலரையும் அச்சா கொண்டாந்துட்டாரு மாஸ்டர்னு பையர் அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கல. அசலை நேர்ல பாக்கோணும், நீங்களும் வாங்கன்னு முதலாளியையும் என்னையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பிளைட்டு, அப்பறம் ரயிலு, அப்பறம் மலைமேல பஸ்சு. முதலாளி ஒரு பொட்டி நெறையாப் புளிச்சாதமும் பருப்புப்பொடியும் கட்டிட்டு வந்திருந்தாரு. அந்த ஊரு ஓட்டல் பூராப் பெருங்காய வாசம். ஓட்டல்காரங்க ரெண்டு தடவ வந்து மோந்து பாத்துட்டுப் போனாங்க.

மலைதானுங்க, மலை இல்லாம என்ன. மேல பனி, பிளீச் பண்ணிக் காயப்போட்ட பனியனாட்ட வெள்ள வெளேர்னு. ஒவ்வொரு மலை வாரப்பவும் எங்க முதலாளி ஒருக்கா ஆஹான்னாரு. பதினாலு மலைங்க, பதினாலு ஆஹா. பதினஞ்சாவதுக்குத் தூங்கிட்டாரு. மேல போகப் போக மூச்சு வாங்குது. அங்க காத்தை டப்பாவுல அடைச்சு விக்கறாங்க அம்மிணி. ஆளுக்கொரு டப்பாவ மூக்குல வெச்சு உறிஞ்சிக்கிட்டே அழகை ரசிக்கோணும். ஆசுபத்திரியில படுத்துக்கிட்டுச் சாமி கும்புட்ட மாதிரி.

குளத்துக்குப் போற வழி முச்சூடும் பலகை போட்டிருக்கறாங்க. அதுல கூட்டம் பாருங்க, தேர் நோம்பி தோத்துது. பின்னாடி ஒருத்தன் இடிக்கறான், முன்னாடி ஒருத்தி திடீர்னு திரும்பி நின்னு தலைய ஒரு பக்கமாச் சாய்ச்சு போட்டோ எடுக்கறா. அத்தனை பேரும் குளத்துக்கு முதுகு காட்டிட்டுத்தான் நிக்கறாங்க. குளத்தைப் பாக்க வந்தவங்க ஒருத்தர் மூஞ்சியும் குளத்துப் பக்கம் இல்ல.

கொடி புடிச்சுட்டு ஒரு பொண்ணு கதை சொல்லிட்டே வந்துச்சு. மொதக் குளத்துல ஒரு தேவதை கண்ணாடி பாத்துச்சாம். ரெண்டாவதுல மூஞ்சி கழுவுச்சாம். மூணாவதுல தலை அலசுச்சாம். ஏனுங், அந்தத் தேவதைக்கு வேற சோலியே இல்லீங்களான்னு கேட்டேன். கம்முனு வாங்க மாஸ்டர்ன்னாரு முதலாளி. கலருக்குக் காரணம் தண்ணியில இருக்கற சுண்ணாம்பாம், அது அடியில படிஞ்சு படிஞ்சு பாத்தி கட்டின மாதிரி ஆயிருச்சாம். எங்க ஊட்டு ஹீட்டர்லயுந்தான் வெரல்கடைக்குச் சுண்ணாம்பு படிஞ்சு கெடக்குது, டிக்கெட் போட்டு யாரையும் விட்டேனுங்களா? கலர்த் தண்ணின்னா, திருப்பூர்க்காரனுக்கு வந்து காட்டறாங்க கலர்த் தண்ணி! ஒரு காலத்துல எங்க ஆத்துல ஓடாத கலரா? காலையில சேப்பு, மத்தியானம் ஊதா, சாயங்காலம் ரெண்டும் கலந்து. ஒரு தேவதை வந்து மூஞ்சி கழுவுச்சுங்களா?

அதனால சொல்றேன், அதெல்லாம் பெரிய பித்தலாட்டம் அம்மிணி. ஏழு குளமும் தண்ணி. வெறும் தண்ணி. போனுல காட்டறதெல்லாம் போட்டோவுல ஏத்தற கலரு. நீங்க காசைச் சேத்து வெச்சு அங்கெல்லாம் போகாதீங்க.

உங்க அக்கா போயிட்டு வந்தாங்களா? நெசமாவே அப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னாங்களா? அழுதுட்டாங்களா, அழகைப் பாத்து? ஓ... இருக்கும், இருக்கும். ஆளுக்காளு வித்தியாசம்.

அவினாசி தாண்டிருச்சுங்களா? இல்லீங்க, நான் கோயமுத்தூர் ஹோப்ஸ்ல எறங்கோணும். அந்தப் பையர் அம்மா அங்க வந்து ஒரு ஓட்டல்ல எறங்கியிருக்கறாங்க. கூட அவங்க கம்பெனி ஆளுங்க நாலு பேரு. அவங்களுக்கு இன்னைக்கு நானு வித்தை காட்டோணும். சிரிப்பீங்க. பல வருசமா நாங் காட்டற வித்தைங்க அது. ஏழெட்டுத் துணியில குத்தியிருக்கற நம்பர் அட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு, சீட்டுக் கட்டாட்டம் கலைச்சுக் குடுக்கச் சொல்லுவேன். வாங்கி, கண்ணால பாத்தே மளமளன்னு வரிசையா அடுக்கீருவேன். ஒரு இழை தப்பாது. எந்தப் பையர் வந்தாலும் கை தட்டாம போனதில்ல. இன்னைக்கு அதைய வீடியோ எடுக்கறாங்களாம். ஏழு குளத்தையும் ஏழு நிமிசத்துல.

அப்பறம் ஒரு பேப்பரு. அந்த நாலாவது குளத்து லாட்டு ஓகேன்னு அதுல நானு கையெழுத்துப் போட்டு முதலாளிக்கு அனுப்பிட்டாப் போதும், நாளைக்குக் காலையில கட்டிங். நாப்பதாயிரம் பீசுக்கும் கத்திரி வெச்சிருவாங்க. அந்தம்மா லாட்டைப் பாக்கக்கூட மாட்டாங்க. மாஸ்டர் கையெழுத்து இருந்தாப் போதும்பாங்க. அப்பேர்ப்பட்ட நம்பிக்கை.

துணியப் பாக்கறீங்களா? தாராளமாப் பாருங்க. இந்தாங்க. அட்டையெல்லாம் நேத்தே பிரிச்சுட்டேன். மேலாப்பல எடுங்க, கலைஞ்சாலும் ஒண்ணுமில்ல. புடிச்சிருக்குதா? எது, எல்லாமா?

முடிச்சா? எங்க? ...ஓரத்துலீங்களா? ஒண்ணுல ஒரு முடிச்சு, இன்னொண்ணுல ரெண்டு முடிச்சு... அடேங்கப்பா, கை நெம்ப வெவரம் அம்மிணி உங்களுக்கு. முப்பத்தொரு வருசத்துல எந்தப் பையரும் ஓரத்தத் தடவிப் பாத்ததில்ல.

நாந்தான் போட்டேன். வேற ஆரு போடுவா? நேத்து அட்டையப் பிரிக்கறதுக்கு முன்னால, ஊசி நூல எடுத்து உக்காந்தேன். மொதக் குளத்துக்கு ஒரு முடிச்சு, ஏழாவது குளத்துக்கு ஏழு. ஊட்டுக்காரி, என்னங்க புதுசா தையலெல்லாம்னா. பட்டன் தெச்சுக்கறேன்னேன்.

இல்லீங்க, எப்பவும் போட்டதில்ல. சத்தியமா இல்ல. இதுதான் மொதத் தடவ.

என்னத்தச் சொல்றது. நீங்க ஆரோ, நான் ஆரோ, ஹோப்ஸ்ல எறங்குனா ஆரு மூஞ்சியும் ஆரும் பாக்கப் போறதில்ல. அங்க குளத்துக்கிட்ட நின்னோமில்லீங்களா. நல்ல வெய்யிலு. அந்தக் கொடிக்காரப் பொண்ணு, இதுதான் நாலாவது, இது அஞ்சாவதுன்னு கை காட்டுச்சு. எல்லாரும் ஒட்டுக்கா ஆஹான்னாங்க. நானும் ஆஹான்னேன். முதலாளி என்ற தோளைத் தட்டி, மாஸ்டர், ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை, நடுவுல ஒரு வரப்புதான், எப்படிப் பிரிஞ்சு நிக்குது பாருங்கன்னாரு. பாத்தேன். வரப்பு தெரிஞ்சுது. இந்தப் பக்கமும் தண்ணி, அந்தப் பக்கமும் தண்ணி. ஒரே தண்ணிங்க, சோறு வடிச்ச கஞ்சி ஆறிப்போன மாதிரி. மூணாவதுக்குப் போனேன், ஆறாவதுக்குப் போனேன், மூக்குக் கண்ணாடியத் தொடைச்சேன். ஏழும் ஒண்ணுதான்.

முதலாளி கேட்டாரு, ஆனா நம்ம லாட்டுல இந்த நீலம் இல்லீங்களே மாஸ்டர், நாகஜோதி சொன்ன மாதிரி அது பச்சைப் பக்கமால்ல நிக்குதுன்னு. மேகம் மறைக்குதுங் சார்னேன். வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. அவரு அண்ணாந்து பாத்தாரு, குளத்தைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. செரி மாஸ்டர்ன்னாரு. அவரு கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. அப்பவும் என்ற கண்ணத்தான் நம்பினாரு.

சக்கரையாத்தான் இருக்கோணும். பதினாறு வருசமா இருக்குது. டாக்டரு கண்ணைக் காட்டுங்க, கண்ணைக் காட்டுங்கன்னு நாயாட்டம் கத்துனாரு. ஏனுங், நானே ஊருக்குக் கண்ணு, என்றதைய ஆருகிட்டக் காட்டறதுன்னு நக்கலடிச்சுட்டு வந்தேன். சேப்பு நல்லாத் தெரியுதுங்க, மஞ்சள் தெரியுது. இந்த நீலமும் பச்சையுந்தான். எப்ப இருந்துன்னு எனக்கே தெரியல. இப்ப யோசிச்சா, நான் சாயம் சொல்லுவேன், நாகஜோதி துணிய ஒருக்கா திருப்பிப் பாக்கும், அப்பறம் செரிங்கண்ணாச்சின்னு அளக்கப் போகும். வந்து பாத்தா கலரு கரெக்டா இருக்கும். என்ற கைராசின்னு நெனச்சுட்டேன். எத்தன வருசம் அது கம்முனு எனக்குத் திருத்திப் போட்டுச்சோ தெரியல. ஒரே ஒரு தடவ வாயைத் தொறந்துச்சு, வேலைய விட்டு அனுப்பீட்டேன்.

அம்மிணி, உங்க சுடிதாரு நெசமா நல்ல பச்சைங்களா? செரி. அப்ப ஒரு சின்ன உபகாரம். இது நாலு முடிச்சு, சாம்பிளு. இந்தா, பேப்பரோட குத்தி வெச்சிருக்கறது லாட்டுல வெட்டுனது. ரெண்டையும் ஜன்னலுக்கு வெளிய புடிச்சுப் பாருங்க. கண்ணாடி வேண்டாம், தள்ளி விட்டுருங்க. ரெண்டும் ஒண்ணா, வேறயா?

அவசரப்படாதீங்க. நல்லாப் பாருங்க.

வேறயா.

லேசா வேறயா, நெம்ப வேறயா?

ம்.

அதைத்தான் அந்தப் புள்ளையும் சொல்லுச்சு.

இல்லீங்க, ஒண்ணுமில்ல, தண்ணி வேண்டாம். அந்தப் பேப்பரக் குடுங்க. கையெழுத்தா? எங்கீங்க போடறது. மடிச்சு உள்ள வெச்சுக்கறேன். முதலாளிகிட்டப் போன்ல சொல்லிக்கறேன், கட்டிங் வேண்டாம்னு. அப்பறம் அவரு என்ன வேணாச் சொல்லட்டும்.

கருமத்தம்பட்டி வந்துருச்சுங்களா? ஏனுங் கண்டக்டர், நான் இங்கியே எறங்கிக்கறேனுங்க. டிக்கெட் ஹோப்ஸ் வரைக்குந்தான், பரவால்ல, இருக்கட்டும். இந்த ஊர்ல ஒரு கம்பெனியில பிசிறு வெட்டிட்டிருக்குதாமுங்க நாகஜோதி. கலர் பாத்த புள்ள, கத்திரி வெச்சு நூலு நறுக்கிட்டிருக்குது. அது வந்து அடுக்குனாத்தான் இன்னைக்கு அந்த ஏழையும் முடிச்சத் தடவாம, கண்ணால பாத்துச் சரியா அடுக்க முடியும். வருமான்னு தெரியல. மூஞ்சியில கதவச் சாத்துனாலும் சாத்தும், சாத்தட்டும். அதோட டிபன் பாக்ஸு என்ற பையிலதான் இருக்குது, குளத்தைப் பாத்துட்டு வந்ததுல இருந்து.

சிரிக்கறீங்களா, அழுகறீங்களா? ரெண்டும் வேண்டாம். துணியக் குடுங்க, எறங்கோணும்.

அந்த நாலாவது மட்டும் கையில வெச்சிருக்கறீங்களே. அது அந்தக் குளத்துக் கலரேதாங்க, அச்சு அசலு, நாகஜோதி அளந்து போட்டது. அத்தன தூரம் போயி, டப்பாக் காத்தை உறிஞ்சிட்டு, எதுக்க நின்னும் பாக்காம வந்தவன் ஊர்லயே நானொருத்தன்தான்.

கண்டக்டர், ஒரு நிமிசமுங்க.

சொல்லுங்க அம்மிணி. அழகா இருக்குதுங்களா?